என் விரலும் ரெஃப்ரீயின் கையும்

ஃபுட்பால் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்டால், என் வலது கை மோதிர விரலைக் காட்டுவேன். ஏற்காட்டு மலையில் அந்த விரலைப் போல நலம் விசாரிக்கப்பட்ட விரல் வேறு கிடையாது. ஒரு வருஷம் முழுக்க, பஸ் ஏறினாலும் கடைக்குப் போனாலும் என்னைப் பார்த்து யாரும் "சௌக்கியமுங்களா?" என்று கேட்கவில்லை. "வெரலு சௌக்கியமுங்களா?" என்றுதான் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால் சாமியாரும் கேட்டார். அவர் வேறு சேலத்திலிருந்து புதிதாக வந்தவர்.

எண்பதுகளின் நடுவில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். காலையில் யார் வேலைக்கு வந்தார்கள், யாரை எந்தக் காட்டுக்கு அனுப்பினார்கள் என்று எழுதி வைக்கிற வேலை. சாயங்காலம் எஸ்டேட் டீமுக்குக் கோல் கீப்பர். என்னை ஏன் கீப்பராகப் போட்டார்கள் என்றால், ஓடத் தெரியாத ஒருவனை வேறு எங்கே நிறுத்துவது?

எங்கள் மைதானம் காப்பி காயப் போடுகிற களத்துக்குக் கீழே இருந்தது. மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேல் கோலில் நின்று பார்த்தால் கீழ் கோலில் நிற்கிறவனுடைய தலை தெரியும், கால் தெரியாது. பந்தை வைத்துவிட்டுக் கையை எடுத்தால் அது தானாகக் கீழே புறப்படும். ஃப்ரீ கிக் அடிக்கும் முன் பந்து அசையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் அதற்காகப் பந்தின் அடியில் ஒரு புல் கொத்தைப் பிடுங்கி வைப்போம். மலையில் ஆடுகிற எல்லா டீமுக்கும் நான் சொல்கிற முதல் யோசனை அதுதான்: புல் வையுங்கள், கல் வைக்காதீர்கள். கல் வைத்து அடித்த எங்கள் ஆள் ஒருவர் பதினைந்து நாள் கெந்திக் கெந்தி நடந்தார்.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசியில், பழம் பறிப்பு ஆரம்பிக்கும் முன், அடிவாரத்து டீம் பஸ் ஏறி வரும். லாரி டிரைவர்கள், மெக்கானிக்குகள், இரண்டு டீக்கடைக்காரர்கள். ஜெயிக்கிறவர்களுக்கு ஒரு பித்தளைக் கோப்பை. அடிவாரத்தான் ஜெயித்தால் அது மலைப் பாதை தொடங்குகிற இடத்து டீக்கடையில் கண்ணாடி மிட்டாய் பாட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். நாங்கள் சேலத்துக்குப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படாமல் பஸ்ஸில் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும்.

அந்த முதல் வருஷம் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம். யாரும் கோல் போடவில்லை. பந்து என் கையில். கூட்டத்தில் என் சம்சாரமும் அவள் பிறந்த வீட்டு ஆட்களும் இருந்தார்கள். ஒருவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கம்பீரமாக நடப்பது எப்படி என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நடந்தேன். அந்தக் காலத்தில் கீப்பர் பந்தோடு நான்கு அடிதான் வைக்கலாம். நான் ஏழு வைத்தேன். எட்டாவது அடிக்குக் காலைத் தூக்கியபோது விசில்.

ரெஃப்ரீ சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். எங்களுக்கு எதிராக இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டுக் கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கி நின்றார். அவர் ஏன் அப்படி நிற்கிறார் என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

அடிவாரத்து லாரி டிரைவர் ஒருவர் பந்தைப் பார்த்து ஓடி வந்தார். தொடை ஒவ்வொன்றும் வெண்டைக்காய் மூட்டை மாதிரி. ஒரே அடி. நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அழகாகப் பாய்ந்திருக்கிறேன். அது அன்றைக்குத்தான். மோதிர விரல் நுனி பந்தில் பட்டது. பந்து விரலைத் தள்ளிவிட்டு வலைக்குள் போனது.

ரெஃப்ரீ கையை இறக்கவில்லை. கோல் என்றும் சொல்லவில்லை. என் பக்கமும் பந்தின் பக்கமும் பார்த்துத் தயங்கி நின்றார். மிச்சம் இருந்த கொஞ்சம் மானத்தையாவது காப்பாற்றலாம் என்று நான் எழுந்து ஓடினேன்.

"நான் தொட்டேனுங்க சார்! பாருங்க, வெரலு செவந்து போச்சு! நூல் அளவுல தப்பிடுச்சுங்க!"

"தொட்டீங்களா? நெசமாவா?"

"சத்தியமாத் தொட்டேனுங்க! பாதி நிறுத்தினதே நான்தானுங்க!"

ரெஃப்ரீ கையை இறக்கினார். மைதானத்தின் நடுவைக் காட்டினார். கோல்.

கோப்பை மலை இறங்கியது. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெஃப்ரீ பின்னாலேயே ஓடினேன். பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, ஏன் அப்படிக் கையைத் தூக்கி நின்றார் என்று கேட்டேன். அவர் பாவம், நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னார்:

"ரைட்டர் சார், கை மேல இருந்துதுன்னா அது இன்டைரக்ட்டுங்க. அடிச்ச பந்து இன்னொருத்தர் மேல படாம நேரா உள்ள போனா கோல் கெடையாது. உங்களுக்குத்தான் கோல் கிக். பட்டுதா இல்லையான்னு எனக்கே தெரியலீங்க. நீங்கதான் வந்து சொன்னீங்க."

பஸ் போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன். என் பின்னால் எங்கள் சென்டர் பேக் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் செம்மநத்தத்துக்காரர், ராகியும் கொய்யாவும் போடுகிற விவசாயி. பறிப்புக் காலத்தில் எங்கள் எஸ்டேட்டில் பறிக்கிறவர்களின் நிரைக்கு முன்னால் நிற்கிற ஆள். என்னைவிட நாலு வயசு பெரியவர். அவர் என் கையைப் பிடித்து, விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெரலு நொம்பச் செவந்துதான் போச்சுங்க ரைட்டரே. ஊட்டுக்குப் போயி மஞ்சப் பத்துப் போடோணும்."

மறுநாள் காலையில் எஸ்டேட் முழுக்க அந்த விரலை விசாரித்தது. யார் ஆரம்பித்து வைத்தது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்புறம் டீம் கூடி ஒரு முடிவு எடுத்தது. அடுத்த ஐப்பசி வரை நான்தான் கீப்பர். அடிவாரத்து ஆட்டத்தில் என்னால் இன்னொரு கோல் போனால் கையுறையை, காப்பிப் பழத்துக்குத் தோல் உரிக்கிற பல்பர் ஹவுஸின் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட வேண்டும். மெக்கானிக் அன்றைக்கே கையுறையை மாட்டி அளவு பார்த்தார். அவருக்குச் சரியாகத்தான் இருந்தது.

நான் சேலத்துக்குப் போய், ரெஃப்ரீயிடம் விதிப் புத்தகத்தை இரவல் வாங்கி, உட்கார்ந்து படித்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படிப் படித்திருந்தால் மேனேஜர் ஆகியிருப்பேன். ஒரு மாதத்தில் நானே என்னைக் கோச்சாகவும் நியமித்துக்கொண்டேன். யாரும் எதிர்க்கவில்லை, ஏனென்றால் யாரும் கவனிக்கவில்லை.

கற்றுக்கொண்டதில் சிலவற்றைச் சொல்கிறேன். சின்ன டீம்களுக்கு இது உபயோகப்படும். ஃப்ரீ கிக்குக்கு எதிராளி பத்து கஜம் தள்ளி நிற்க வேண்டும். எங்கும் சண்டை வருவது இங்கேதான். எட்டு கஜத்தில் நின்றுகொண்டு, "இதுதானுங்க பத்து" என்று சத்தியம் செய்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஆட்களுக்கு மட்டும் அந்தச் சண்டை கிடையாது. காப்பிச் செடி ஆறடிக்கு ஒன்று நடுவது எங்கள் வழக்கம். குழி வெட்டி, கயிறு பிடித்து, முளை அடித்து வளர்ந்த கண்கள். ஐந்து செடி தூரம் என்றால் முப்பது அடி. அதாவது பத்து கஜம். "அஞ்சு செடி!" என்று நான் கத்தினால் சுவராக நிற்கிற நாலு பேரும் இருட்டில்கூடச் சரியாகப் பத்து கஜத்தில் போய் நிற்பார்கள். ரெஃப்ரீ ஒரு தடவை நடந்து அளந்து பார்த்தார். பிறகு எங்களை அளக்கவே மாட்டார். அடிவாரத்து ஆட்களை மட்டும் நடந்து நடந்து அளந்து தள்ளிவிடுவார். சொல்லும் முன்னே விலகி நில்லுங்கள். அந்த ரெஃப்ரீ உங்களை அன்று முழுக்க நம்புவார். இதை நான் காசு வாங்காமல் சொல்கிறேன்.

த்ரோ போடும்போது இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும், பந்து தலைக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். த்ரோவை யாரும் தொடாமல் நேராகக் கோலுக்குள் போட்டாலும் அது கோல் இல்லை. த்ரோவுக்கும் கார்னருக்கும் கோல் கிக்குக்கும் ஆஃப்சைடு கிடையாது. கார்னர் அடிக்கும்போது கொடிக்கம்பைப் பிடுங்கக் கூடாது. எங்கள் வலதுபக்க ஆட்டக்காரர் களையைப் பார்த்த மாதிரி கொடியைப் பார்ப்பார்; கை தானாகப் போய்விடும். அவரைப் பழக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

அந்தப் புத்தகத்தில் ஒரு ரத்தினம் கிடைத்தது. அப்போதெல்லாம் கார்னரோ ஃப்ரீ கிக்கோ, பந்து தன் சுற்றளவு தூரம் உருண்டால்தான் ஆட்டத்தில் இருப்பதாகக் கணக்கு. என் சம்சாரத்தின் தையல் டேப்பை எடுத்துப் பந்தைச் சுற்றி அளந்தேன். இரண்டேகால் அடி.

"பந்துக்கு ஜாக்கெட் தைக்கறீங்களா?" என்றாள்.

"இது ராணுவ ரகசியம்."

"வெரலு மாதிரியா?"

ரகசியம் இதுதான். கார்னரில் நம் ஆள் பந்தை மெதுவாக இரண்டேகால் அடி தட்டிவிட்டு, மனசு மாறியவர் மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு விலகிவிட வேண்டும். வேறொருவர் கார்னர் அடிக்க வருகிறவர் மாதிரி வந்து, அப்படியே பந்தோடு உள்ளே ஓட வேண்டும். முதலில் தட்டியவர் மட்டும், இன்னொருவர் தொடும்வரை மறுபடி தொடக் கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த உயர்ந்த கைதான். எங்கள் மலையில் ஐப்பசியில் பனி இறங்கினால் கை என்ன, ஆளே தெரியாது. கோலில் நிற்கிற நான் ரெஃப்ரீயின் கையை எப்படிப் பார்ப்பது? இதற்கு வழி சொன்னவர் செம்மநத்தத்துக்காரர்தான். பனியில் பழம் பறிக்கும்போது நிரைக்கு முன்னால் நிற்கிறவர் குரல் கொடுப்பார். நீட்டி ஒரு "ஹோ...ய்" என்றால் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்; கையை எடுத்துவிட வேண்டும். சட்சட்டென்று இரண்டு "ஹோய் ஹோய்" என்றால் பறிக்கலாம். மலை முழுக்க எல்லாருக்கும் காதோடு ஊறிய குரல் அது.

"ரெஃப்ரீ கை மேல இருந்தா நான் நீட்டிக் கத்தறேனுங்க. நீங்க நின்ன எடத்துல நில்லுங்க. கை கீழ இருந்தா ரெண்டு. அப்ப பாயுங்க."

ரெஃப்ரீயைக் கேட்டேன். "எதிராளிய ஏமாத்தற மாதிரி இல்லாத வரைக்கும் எப்படி வேணும்னாலும் கத்திக்குங்க" என்றார்.

யோசனை நல்லதுதான். ஆனால் கத்துகிறவர் யார்? என் விரலுக்கு மஞ்சள் பத்துப் போடச் சொன்ன அதே ஆள். ஒருநாள் பயிற்சியில் பனி இருந்தது. நீட்டி ஒரு குரல் வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பந்து என் காதை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று. அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"டைரக்டுதானுங்க! நீங்க நெசமாவே நிக்கறீங்களான்னு பார்த்தேன்!"

"ஏனுங்ணா, ஆட்டத்தன்னிக்கும் இப்படிப் பண்ணுவீங்களா?"

"அன்னிக்கு எதுக்குங்க பண்றேன்? பண்ண மாட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பண்ண மாட்டேன்னு நெனைக்கறேன்" என்றார்.

ஐப்பசி வந்தது. அடிவாரத்து ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கோப்பையைத் துடைத்துப் பளபளப்பாகக் கொண்டு வந்தார்கள். திரும்ப எடுத்துப் போகத்தானே போகிறோம் என்கிற தெம்பு. அந்த லாரி டிரைவர் என்னைப் பார்த்து, "வெரலு சௌக்கியமுங்களா?" என்றார். மலை இறங்கியும் செய்தி போயிருந்தது.

முதல் பாதியில் மேல் கார்னர் கிடைத்தது. எங்கள் வலதுபக்க ஆட்டக்காரர் கொடியைப் பார்த்தார். மைதானமே மூச்சைப் பிடித்தது. கையை எடுத்துக்கொண்டு பந்தை மெல்லத் தட்டினார். தலையைச் சொறிந்தார். பந்து சரிவில் தானாகவே மூன்றடி உருண்டது. மலையே எங்கள் பக்கம்! அடுத்தவர் வந்து பந்தோடு உள்ளே ஓடினார். அடிவாரத்து ஆட்கள் கார்னர் எப்போது அடிப்பார்கள் என்று காத்துக்கொண்டு நின்றார்கள். கோல். அவர்கள் கத்தினார்கள், ரெஃப்ரீ தலையாட்டினார், கோல்தான் என்றார். தையல் டேப் என் கால்சட்டைப் பையில் இருந்தது. அதை வெளியே எடுத்து ஆட்டினேன். ஏன் ஆட்டுகிறேன் என்று என் சம்சாரத்தைத் தவிர யாருக்கும் புரியவில்லை.

கடைசிக்குப் பனி இறங்கியது. மேலிருந்து சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. ரெஃப்ரீ ஆட்டத்தை நிறுத்தலாமா என்று பார்த்தார். இரண்டு டீமும் ஒரே குரலில், "அஞ்சு நிமிஷந்தானுங்க சார்!" என்று கெஞ்சினோம். உங்கள் ஊரில் இப்படிக் கெஞ்சாதீர்கள். ரெஃப்ரீ நிறுத்தினால் வீட்டுக்குப் போங்கள். நாங்கள் கெஞ்சினோம், அதனால்தான் சொல்கிறேன்.

என் கண்ணுக்கு ஆறு செடி தூரம் வரைதான் தெரிந்தது. அந்த வெள்ளைக்குள் எங்கோ விசில் அடித்தது. யாரோ விழுந்த சத்தம். ஃப்ரீ கிக், எங்களுக்கு எதிராக, கோலிலிருந்து பத்து செடி தூரத்தில்.

"அஞ்சு செடி!" என்று கத்தினேன். எங்கள் ஆட்கள் நாலு பேர் என் முன்னால் மங்கலாக வரிசை கட்டினார்கள். அவர்களுக்குப் பந்தும் ரெஃப்ரீயும் தெரியும். எனக்கு அவர்களுடைய முதுகு மட்டும் தெரியும். ஓரத்தில் நின்ற முதுகு செம்மநத்தத்து முதுகு.

"என்னுங்ணா? கையா?"

பிறகு அந்தக் குரல் வந்தது. நீண்டு, மலையில் மோதித் திரும்புகிற அளவுக்கு நீண்டு.

"ஹோ...ய்!"

என் கோப்பை, என் கையுறை, ஒரு வருஷத்து விரல் விசாரிப்பு எல்லாம் அந்த ஒரு குரலில் தொங்கின. குரல் கொடுத்தவரோ விளையாட்டுக்காரர். விளையாட்டு என்றால் அவர் ஆடுகிற விளையாட்டு அல்ல, அவர் செய்கிற விளையாட்டு. ஓடி வருகிற காலடிச் சத்தம் கேட்டது, அந்த வெண்டைக்காய் மூட்டைத் தொடைகளின் சத்தம். என் கை தானாக எழுந்தது. நான் அதை இடது கையால் பிடித்துப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டேன்.

பனியிலிருந்து பந்து வந்தது. முதலில் புள்ளி, பிறகு பூசணிக்காய். எங்கள் ஆட்களின் தலைக்கு மேலே, யார் மேலும் படாமல், நேராக என் வலது தோளுக்குப் பக்கத்தில். பாய்ந்திருந்தால் பிடித்திருக்கலாம். அதுதான் கொடுமை. பிடிக்கக்கூடிய பந்து. நான் பிடிக்கவில்லை. பந்து வலையில் விழுந்தது.

அடிவாரத்து ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கத்தினார்கள். எங்கள் கூட்டத்திலிருந்து ஒரு கொய்யாக்காய் வந்து என் மண்டையில் பட்டது. என் சம்சாரம் முகத்தைப் பொத்திக்கொண்டது அவ்வளவு பனியிலும் எனக்குத் தெரிந்தது. மெக்கானிக் எங்கிருந்தோ ஓடி வந்து, "கழட்டுங்க ரைட்டரே, கையுறையக் கழட்டுங்க!" என்றார். லாரி டிரைவர் என் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க, கையக்கூட அசைக்கலையே? தூங்கிட்டீங்களா?"

நான் ஒன்றும் பேசவில்லை. போன வருஷம் பேசியதே இரண்டு ஆயுசுக்குப் போதும்.

பனிக்குள்ளிருந்து ரெஃப்ரீ நடந்து வந்தார். முதலில் தெரிந்தது கை. தலைக்கு மேல் நேராக, கொடிக்கம்பு மாதிரி. என் முன்னால் வந்து நின்றார்.

"பட்டுதாங்க ரைட்டர் சார்?"

இரண்டு கையையும் பின்னாலிருந்து எடுத்து, பத்து விரலையும் விரித்து அவருக்குக் காட்டினேன். ஒரு விரலும் சிவக்கவில்லை.

அவர் கையை இறக்கி, என் கோல் ஏரியாவைக் காட்டினார். கோல் கிக்.

கூட்டத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. விதி தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லச் சொல்ல, ஆரவாரம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் சரிவில் தண்ணீர் மாதிரி நகர்ந்து போனது. கோல் கிக்கை அடித்தேன். சரிவில் வைத்ததால் பந்து காலுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது. மறுபடி வைத்து, புல் கொத்து கொடுத்து, அடித்தேன். கடைசி விசில்.

லாரி டிரைவர் வந்து என் கையைப் பிடித்தார். எந்தக் கை என்று பார்த்துப் பிடித்தார், வலது கை.

"நான் அடிச்ச அடிக்கு முன்னாடி இப்படி நின்ன ஆள நான் பார்த்ததில்லீங்க. மலையாட்டம் நின்னீங்க."

இத்தனை வருஷத்தில் வேறு எத்தனையோ நல்ல வார்த்தைகள் கேட்டிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் இன்னும் யாரிடமாவது சொல்ல ஒரு சாக்கு தேடிக்கொண்டே இருக்கிறேன். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

கோப்பையை எடுத்துக்கொண்டு நாகலூர் டீக்கடைக்குப் போனோம். அது மிட்டாய் பாட்டில்களுக்கு நடுவே உட்கார வேண்டிய இடம் இனி இங்கேதான். கொய்யா எறிந்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை. காயைப் பார்த்தாலே செம்மநத்தத்துத் தோட்டத்துக் காய் என்று தெரிந்தது. எறிந்தவர் என் சென்டர் பேக்கின் மைத்துனராகத்தான் இருக்க வேண்டும்.

சென்டர் பேக் டீ கிளாஸை என் முன்னால் நீட்டினார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையை நீட்டவில்லை.

"என்னுங்க ரைட்டரே, டீ ஆறுதுங்க."

"கை மேலயா கீழயா, சொல்லுங்ணா."

அவர் சிரித்தார். கடை மூலைவரை கேட்கிற மாதிரி, சட்சட்டென்று இரண்டு குரல் கொடுத்தார். நான் கிளாஸை அந்த மோதிர விரலும் படும்படியாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.